நேர்ந்துவிட்ட பட்டி

என் புருசன் கந்தோரில் பியோன். துரை கொடுக்கும் கடிதத்தை வாங்கி இன்னோர் இடத்தில் கொண்டுபோய்க் கொடுப்பது வேலை. அதற்கு ஒரு தொப்பியும் மாதச் சம்பளமும் உண்டு. தொப்பிக்கு இருந்த மதிப்பு சம்பளத்துக்கு இல்லை. பள்ளிமுனையில் அடுத்தவர் வளவில் கொட்டில் போட்டு இருந்தோம். ஒரு முருங்கைக் கொப்பு நடலாமா என்று வளவுக்காரரிடம் கேட்டேன். "நாளைக்கு மரம் என்ரை எண்டு நிப்பாய் பிள்ளை" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு என்னைச் சுட்டது. நட்டால் சொந்த வளவில்தான் முருங்கை என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

முத்துக்குளிப்பு என்று அறிவித்தால் ஊரே ஒரே நாளில் பணக்காரராகச் சிப்பி வாங்க ஓடும். சிப்பி நாற்றத்தோடு திரும்பி வரும். எனக்கு அந்த அவசரம் இல்லை. உலையில் போடும் அரிசியில் தினம் ஒரு பிடி ஒதுக்கினேன். ஒரு வருசத்து அரிசியை விற்று ஒரு மறியாடு வாங்கி, நறுவிலிக்குளத்தில் கமம் செய்யும் ஓர் அக்காவிடம் வாரத்துக்கு விட்டேன். மேய்ப்பது அக்கா, போடும் குட்டியில் பாதி அவருக்கு, பாதி எனக்கு. என் குட்டிகளுக்கு அடையாளமாகக் காதில் ஒரு வெட்டு. அவை அங்கேயே வளர்ந்து அங்கேயே குட்டி போட்டன. சம்பளம் மாதம் முடியுமுன் கரைந்துவிடும். ஆடு நான் நித்திரை கொள்ளும்போதும் பெருகியது.

இந்த ஏற்பாட்டில் இருந்த ஒரே ஓட்டை என் புருசனின் வாய். பிள்ளைக்கு இருமல் என்றால் எங்கள் கோயில் புனிதரைக் கூப்பிட்டு, "அர்ச்சிஷ்டவரே, ஓராடு தாறன்" என்று நேர்த்தி வைத்துவிடுவார். துரை முறைத்தால் ஓராடு. பல்வலிக்கும் ஓராடு. பல்லைப் பிடுங்கியவர் பரிகாரி, ஆடு போனது கோயிலுக்கு.

"மல்லித்தண்ணி குடிச்சா மாறுற இருமலுக்கு ஆடோ?" என்று கேட்பேன்.

"அர்ச்சிஷ்டவரோட கணக்குப் பாக்கக்கூடாதப்பா."

"நீங்கள் கணக்கில்லாமல் குடுக்கிறது என்ரை ஆட்டையெல்லோ!"

திருநாளன்று கோயில் முற்றத்தில் நேர்த்தி ஆடுகளை ஏலம் கூறுவார்கள். காதில் என் வெட்டோடு நிற்பவற்றைப் பார்த்தபடி நான் செபமாலை உருட்டுவேன். மனம் செபத்தில் நின்றது என்று சொன்னால் பொய் சொன்ன பாவம் சேரும்.

அப்படியும் ஒன்பதாம் வருசம் என் பங்கில் இருபத்தொரு ஆடு நின்றது. இருபது ஆட்டின் விலைக்கு வளவின் வடக்கு மூலையைத் தர வளவுக்காரர் சம்மதித்தார். திருநாள் முடிந்ததும் காணி உறுதி எழுதுவதாகப் பேச்சு. நான் புருசனைக் கூப்பிட்டு, "உறுதி எழுதுமட்டும் வாய் திறக்கப்படாது. தும்மினாலும் சும்மா தும்முங்கோ" என்றேன்.

அந்தக் கிழமை அவரைக் கடிதத்தோடு வள்ளத்தில் தென்கரைக்கு அனுப்பினார்கள். அன்று பின்னேரமே புயல். மறுநாள் காலையில் வள்ளம் வரவில்லை. மத்தியானமும் வரவில்லை. கரையில் நின்ற ஆம்பிளைகள் என் முகத்தைப் பார்க்காமல் பேசத் தொடங்கினார்கள். கோயில்மட்டும் ஓடவும் எனக்குப் பொறுக்கவில்லை. மணலிலேயே முழங்காலில் விழுந்து, "அர்ச்சிஷ்டவரே, எல்லா ஆட்டையும் எடும், அவரைத் தாரும்" என்று கத்திவிட்டேன். பள்ளிமுனை முழுக்கக் கேட்டது.

மூன்றாம் நாள் காலை வந்து சேர்ந்தார். வள்ளம் அக்கரையில் மணலேறிவிட்டதாம். தொப்பி மட்டும் கடலோடு போயிருந்தது. நான் அவர் நெஞ்சில் அடித்தடித்து அழுதேன். என் நேர்த்தியை அவருக்கு அயல்சனம் முந்திச் சொல்லிவிட்டது.

"எத்தினை ஆடு வைச்சனீர்?"

"எல்லாம்."

தொப்பியில்லாத தலையைத் தடவினார். பிறகு, "நான் பல்லுக்கு ஒண்டு வைச்சதுக்கு மூண்டு நாள் முகம் குடுக்கேல்லை நீர்" என்றார்.

"பல்லு வேறை, நீங்கள் வேறை" என்றேன்.

திருநாளன்று இருபத்தொன்றும் முற்றத்தில் நின்றன. ஒவ்வொன்றாக ஏலம் போனபோது எனக்கு அழுகை வந்தது. கொடுத்ததற்காக வருந்தவில்லை, ஆனாலும் வந்தது. கடைசியாக ஒரு சினை மறியைப் பிடித்து வந்தார்கள். கூட்டத்துக்குள் இருந்து என் புருசனின் குரல் கேட்டது. அந்த மாதச் சம்பளம் முழுவதையும் சொல்லி அந்த ஆட்டை ஏலத்தில் எடுத்தார். அந்த மாதம் கஞ்சிதான் குடித்தோம். மறி மட்டும் பழையபடி நறுவிலிக்குளத்து அக்காவிடம் வாரத்துக்குப் போனது.

மறுபடி ஆட்டுப்பட்டி சேர எட்டு வருசம் சென்றது. வளவுக்காரர் விலையையும் கூட்டியிருந்தார். அந்த எட்டு வருசமும் என் புருசன் ஒரு நேர்த்தியும் வைக்கவில்லை. பல் வலித்தால் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்வார்.

உறுதி எழுதிய மறுநாள் வடக்கு மூலையில் முருங்கைக் கொப்பை நட்டோம். கொப்புக்குக் கிடங்கு தோண்டிய என் புருசனுக்கு இருமல் பிடித்தது, நிற்கவேயில்லை. மல்லித்தண்ணி வைத்துத் தருகிறேன், உள்ளே போங்கோ என்று அனுப்பினேன். அவர் தலை மறைந்ததும், ஒருவருக்கும் கேட்காமல் ஓராடு நேர்ந்தேன்.