மந்தி இல்லாத மரத்தடி

நல்லான் இப்போது முதலிபாளையத்தில் ஒரு நிட்டிங் கம்பெனிக்குக் காவலாளி. மெஷின் சத்தம் அவருக்கு வேண்டும். கரண்ட் போய் எல்லா மெஷினும் ஒரேயடியாக அடங்கிவிட்டால் எழுந்து நின்று கூரையை அண்ணாந்து பார்ப்பார். 

கொமரலிங்கத்துக்காரரான அவர் முன்பு அமராவதிக் காட்டில் வேட்டைத் தடுப்புக் காவலராக இருந்தார். கூட நடந்தவர் சுடலை. தெற்கேயிருந்து பனியன் வேலைக்கு வந்து, சாயப்பட்டறைக் காற்று ஒத்துக்கொள்ளாமல் காட்டு வேலைக்குப் போனவர். சுடலையின் மனைவி நாகஜோதி டெய்லர் வேலையை விடவில்லை.

காட்டுக்குள் ஓடையோரம் ஒரு பெரிய புளியமரம். மேலே மந்திக் கூட்டம், கீழே புள்ளிமான்கள். மந்திகள் பாதி தின்று பாதி உதிர்க்கும் கொழுந்தும் காயும் மான்களுக்கு. மந்திக்கு உச்சியிலிருந்து வெகுதூரம் கண் தெரியும், மானுக்கு மோப்பம். சிறுத்தையைக் கண்டு மந்தி செருமினால் மான்கள் தலைதூக்கும். மான் முதலில் கூவினால், தரையில் இறங்கியிருந்த மந்திகள் மரமேறும்.

"ஒண்ணுக்கொண்ணு பேச்சே கெடையாது. ஆனா சம்பந்தக்காரவுக மாதிரில்லா இருக்கு!" என்று சுடலை சிரிப்பார்.

எதிர்ப் பாறையில் உட்கார்ந்துதான் இருவரும் சோறு தின்பார்கள். மரத்தில் மந்தி இருக்கும்வரை அவர்களுக்கும் பயமில்லை.

ஒரு கோடையில் மந்திகள் ரோட்டுப் பக்கம் போகத் தொடங்கின. அமராவதி அணைக்கு வருகிறவர்கள் காரை நிறுத்தி பிஸ்கட் போட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாக மரம் காலியானது. மான்கள் மட்டும் பழக்கத்தில் வந்து நின்றன.

அன்று காலையும் நின்றன. "இன்னைக்குக் காடு நல்லா அமைதியா இருக்குதுங்க" என்றார் நல்லான். சுடலை தண்ணீர் பிடிக்கப் பாறை விளிம்பில் குனிந்தார். காற்று எதிர்ப்பக்கமாகப் போனதால் மான்களுக்கும் வாடை தெரியவில்லை. புதரிலிருந்து சிறுத்தை பாய்ந்தது. மந்தை சிதறி ஓடையைத் தாண்டியது. கொம்புமான் ஒன்று மோதியதில் சுடலை கீழே கற்களுக்குள் விழுந்தார். நல்லான் இறங்கிப்போய் அவர் தலையை மடியில் எடுத்தபோது மூச்சில்லை. காட்டில் ஒரு குரலும் இல்லை.

அந்த அமைதிக்குப் பயந்துதான் அவர் மெஷின் சத்தத்துக்கு வந்து சேர்ந்தார்.

அடுத்த வருஷம் நாகஜோதி கம்பெனி வாசலுக்கு வந்தாள். "அண்ணே, அவுக விழுந்த எடத்துக்கு என்னைய ஒரு தடவ கூட்டிட்டுப் போறியளா?"

"வேண்டாங்க அம்மிணி."

"நான் பாக்கணும்ணே."

பழைய ரேஞ்சரிடம் கேட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை போனார்கள். நாகஜோதி அந்தக் கற்களைத் தொட்டுவிட்டு உட்கார்ந்தாள். அழவில்லை. தூரத்தில் மான்கள் நின்று, காலி மரத்தைப் பார்த்தபடி இருந்தன.

நல்லான் செருப்பைக் கழற்றிவிட்டு மரமேறினார். நாற்பத்தைந்து வயசு மனிதர், தொடை சிராய்க்க உச்சிக்கிளைவரை போனார். கொழுந்தை ஒடித்து ஒடித்துக் கீழே போட்டார். மான்கள் மூக்கைத் தூக்கின. மனித வாடை. ஒன்றுகூட அருகில் வரவில்லை. திரும்பிப் புதருக்குள் போய்விட்டன. அவர் போட்டுக்கொண்டே இருந்தார்.

"எறங்குங்கண்ணே" என்றாள் நாகஜோதி. "போதும். எறங்குங்க."

பைக்கில் திரும்பும் வழியில், ரோட்டோரச் சுவரில் மந்திகள் உட்கார்ந்திருப்பதைக் கண்டு இருவரும் இறங்கி நின்றார்கள். ஒரு காரிலிருந்து இறங்கிய குடும்பம் பிஸ்கட் நீட்டிக்கொண்டிருந்தது. திடீரென்று ஒரு கிழட்டு மந்தி பிஸ்கட்டை விட்டுவிட்டு எழுந்தது. காட்டைப் பார்த்துச் செருமியது. மறுபடியும் செருமியது. அந்தக் குடும்பம் சிரித்துக்கொண்டே செல்போனில் படம் பிடித்தது.

நல்லான் வண்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். "கார்ல ஏறுங்க! புள்ளைங்களத் தூக்குங்க! ஏறுங்க சாமி!"

பயந்துபோய் அவர்கள் ஏறினார்கள். பைத்தியம் என்று யாரோ சொல்லக் கதவு அடைபட்டது, கார் போய்விட்டது. புதரிலிருந்து எதுவும் வரவில்லை. மந்தி மட்டும் காட்டைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தது. பதிலுக்கு எங்கிருந்தும் ஒரு மான் கூவவில்லை.

நாகஜோதி வண்டியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள். மந்தியின் கத்தல் ஓயும்வரை நல்லான் நகரவில்லை.