மடிப்புக்குள் போன ஊர்

உக்ரைன் போர்ச் செய்தியில், தினீப்பர் ஆற்றங்கரை ஊரொன்றிலிருந்து சனங்கள் மூட்டையோடு வெளியேறுவதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். அந்த ஆறு எனக்குச் சின்ன வயதிலேயே பழக்கம்.

எழுபதுகளில் காரைக்காலில் பாடப்புத்தகங்களுக்கு தமிழில் வந்த வழவழப்பான சோவியத் பத்திரிகைத் தாளில்தான் அட்டை போடுவோம். ஐந்தாவதோடு பள்ளியை விட்ட அம்மா, ஒரு வரி விடாமல் படித்த பிறகே தாளைக் கத்தரிப்பாள். என் பூகோளப் புத்தகத்துக்கு அந்த ஆற்றங்கரை உக்ரைன் சிற்றூர் ஒன்றின் படம் வாய்த்தது. அணை கட்டியபோது பழைய ஊர் மூழ்க, மேட்டில் புது ஊர் கட்டினார்களாம்.

"போவும்போது ஆப்பிள் கன்னையும் பேத்து எடுத்துட்டுப் போயிருக்காங்கடி! அரசலாத்துல வெள்ளம் வந்தப்ப நமக்குத் தோணுச்சா?" என்று அசந்துபோனாள்.

அட்டை போட்டபோது படத்திலிருந்த ஊரின் பெயர் மடிப்புக்குள் போய்விட்டதென்று அழுதேன். "பேரு போனா போவுது, ஆத்த மடிக்கல பாரு" என்றாள்.

இப்போது தொலைக்காட்சியில் போகிறவர்களின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன், யாராவது ஒரு கன்று வைத்திருக்கிறார்களா என்று.