மெஹ்ரசியாவின் மொட்டைச் சரிவு

மழை பொய்த்த ஒரு வருடம். அம்மாரின் ஒலிவக் கன்றுகள் இலை சுருண்டு சாகக் கிடந்தன. அக்டோபரில் ஒரே ஒரு மழை பெய்தது, அதுவும் அரை மணி நேரம். சரிவில் வழிந்து வரும் தண்ணீரை முதலில் மெஹ்ரசியாவின் தோட்டம் குடிக்கும். அது நிரம்பி, மடைக்கல்லைத் தாண்டிய பிறகுதான் கீழே அம்மாரின் தோட்டத்தின் பெரும்பகுதிக்கு இறங்கும். அந்த மழைக்கு அவளுடைய மரங்களுக்கே அரை வயிறுதான் நிறையும். ஆனாலும் மறுநாள் காலையில் அவன் போய்ப் பார்த்தபோது கன்றுகளின் காலடியில் சேறு மின்னியது. கரை ஏறிப் பார்த்தான். மடையில் பதித்திருந்த தட்டைக்கல் ஒரு சாண் விலகிக் கிடந்தது.

நன்றி சொல்லத்தான் அவள் வீட்டுக்குப் போனான். ரொட்டி அடுப்புக்குள் கையை விட்டிருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கழுதை தட்டிவிட்டிருக்கும்," என்றாள்.

அவள் கழுதையை விற்று இரண்டு வருடமாகியிருந்தது.

பீர் ஸவான் ஊரில் மெஹ்ரசியாவைப் பற்றி யாரைக் கேட்டாலும் அந்தச் சரிவைத்தான் காட்டுவார்கள். கணவன் ஸாலிஹ் அறுவடையின்போது மரத்திலிருந்து விழுந்து இறந்தபோது அவளுக்கு முப்பத்தொரு வயது. பிள்ளை இல்லை. இருபத்திரண்டு மரங்கள் இருந்தன. அண்ணன் வந்து கூட்டிப் போகிறேன் என்றதற்கு, "மரத்தையும் கூட்டிட்டுப் போவியா?" என்று கேட்டு அனுப்பிவிட்டாள். ஒவ்வொரு கோடையின் கடைசியிலும் மண்வெட்டியோடு சரிவில் ஏறுவாள். ஒரு முள், ஒரு புல் விடாமல் பிடுங்குவாள். கல்லைப் பொறுக்குவாள், தளர்ந்த மண்ணை மிதித்து இறுக்குவாள். மதியத்து லுஹர் தொழுகைக்குப் பாங்கு கேட்டால் அங்கேயே துணியை விரித்துத் தொழுவாள். அந்தச் சரிவு தேய்த்த தாம்பாளம்போல இருக்கும். விழுந்த மழையில் ஒரு சொட்டைக்கூட அது தனக்கென்று வைத்துக்கொள்ளாது. ஊரில் முக்கால்வாசி மரங்கள் உயிரோடு நின்றது அந்த மொட்டை நிலத்தால்தான். அதற்குப் பத்திரம் எவர் பேரிலும் இல்லை. கீழே மரம் உள்ளவருக்கு மேலே விழும் மழை சொந்தம் என்பது வழக்கம், அவ்வளவுதான்.

ஒரு செப்டம்பரில் அந்தச் சரிவின் தலையில் ஒரு பலகை முளைத்தது. அறுபது வீடுகள், நடுவில் நீச்சல்குளம். வாசலில் சிரித்துக்கொண்டு நிற்கும் ஒரு குடும்பத்தின் படமும் இருந்தது. ஆட்சேபம் உள்ளவர்கள் முப்பது நாளைக்குள் நகராட்சி அலுவலகத்தில் இருக்கும் நோட்டில் எழுதலாம் என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தது.

பள்ளிக்கூட முற்றத்தில் ஊர் கூடியது. கக்கூஸ் குழி நம் கிணற்றில் கசியாதா என்று ஒருவர் கேட்டார். இரண்டு கழுதை ஒதுங்க முடியாத தெருவில் அறுபது கார் எப்படிப் போகும் என்று இன்னொருவர் கேட்டார். மகனுக்குக் காவல்காரன் வேலை கிடைக்கும் என்று ஒருவர் சந்தோஷப்பட்டதும் உண்டு. கம்பெனி என்ஜினியர் முராத் எல்லோருக்கும் பொறுமையாகப் பதில் சொன்னான்.

"நாங்க ஒரு மரத்தையும் தொடலையே. அது காலி நிலம். இருபது வருஷத்துப் படத்தை எடுத்துப் பாத்தோம், ஒரு புல்லுகூட இல்ல."

பின்வரிசையிலிருந்து மெஹ்ரசியா எழுந்தாள்.

"புல்லு இல்லேன்னா நான் புடுங்கினேன்னு அர்த்தம், தம்பி. உங்க வீட்டுத் தரையில புல்லு இல்லையே, அதைக் காலி நிலம்னு எழுதலாமா?"

முற்றம் சிரித்தது. முராத்தும் சிரித்தான். "தரையா இருந்தா பத்திரம் காட்டுங்கம்மா."

"மழை வரும்போது வா. காட்டறேன்."

அந்தச் சரிவு போனால் ஏழெட்டு வருடத்தில் அம்மாரின் தோட்டம் விறகு. பயிர் வைத்த நிலத்தைக் காலி நிலம் என்று எழுத முடியாது என்று யாரோ சொன்னது மட்டும் மனதில் நின்றது. மறுநாள் நாற்றுப் பண்ணையிலிருந்து இருபது ஒலிவக் கன்றுகளைக் கொண்டுவந்தான். சரிவில், மெஹ்ரசியாவின் தோட்டத்தைத் தொடாமல் தன் தோட்டத்து மூலைக்கு நேராகத் தண்ணீர் இறங்கும் நிலப்பட்டையில், இருபது குழி தோண்டி நட்டான்.

மெஹ்ரசியா வந்து பார்த்தாள். ஒரு குழியில் கையை விட்டு ஆழம் பார்த்தாள்.

"என்ன காரியம்டா பண்ணியிருக்க?"

"நிலத்தைக் காப்பாத்தறேன், அக்கா."

"முகத்துல பூசின சேறு அழகுன்னு நினைச்சியா? நாப்பது வருஷமா நான் கெட்டிப்படுத்தின தரை இது. அவன் அறுபது ஓட்டை போடறதுக்கு முன்னால நீ இருபது போட்டுட்ட."

"புடுங்கிடட்டா?"

குழிகளை ஒருமுறை எண்ணுவதுபோலப் பார்த்தாள். "வேணாம். இருக்கட்டும்."

ஏன் என்று அவள் சொல்லவில்லை. கோபம் என்றுதான் அம்மார் நினைத்தான்.

நாட்கள் போயின. வானம் இரும்புபோலக் கிடந்தது. இமாம் ஊரை வெளியில் நிறுத்தி மழைத் தொழுகை நடத்தினார். நோட்டில் நாற்பது பேருக்குமேல் எழுதியிருந்தார்கள். மெஹ்ரசியாவுக்காக அம்மார் எழுதிக் கொடுத்தது ஒரே வரி: மழையன்று வந்து பாருங்கள். அதன் கீழே அவள் கைநாட்டு வைத்தாள். முராத் அதைப் படித்துவிட்டு, "மழையையும் சாட்சிக்குக் கூப்பிட்டாச்சா?" என்றானாம்.

இருபத்தெட்டாம் நாள், அல்லாஹ் நாடினான். காலை பத்து மணிக்கு வானம் கறுத்துக் கொட்டியது. மெஹ்ரசியா முக்காட்டை இறுக்கிக்கொண்டு, மண்வெட்டியோடு நனைந்தபடியே நகராட்சி அலுவலகத்துக்கு நடந்தாள். அங்கே விசாரணை அதிகாரி ஹயாத் என்ற பெண்மணி இருந்தாள், கூடவே முராத்தும்.

"எழுந்திரிங்க," என்றாள் மெஹ்ரசியா.

"மழை விடட்டும்மா, சேறா இருக்கும்," என்றான் முராத்.

"சேறா இருக்கும். அதுக்குத்தான் கூப்பிடறேன். உன் ஷூ நனையும், நனையட்டும்."

அதிகாரி குடையை எடுத்தாள். முராத்துக்கு வேறு வழியில்லை. அம்மாரும் ஊராரும் பின்னாலேயே ஏறினார்கள்.

சரிவு முழுக்கத் தண்ணீர் வெள்ளித் தகடாக வழுக்கி வந்துகொண்டிருந்தது. மெஹ்ரசியாவின் மரங்கள் முழங்கால் தண்ணீரில் நின்றன. ஆனால் பக்கத்து நிலப்பட்டையில், அம்மாரின் கன்றுகள் இருந்த இடத்தில், வந்த தண்ணீரைக் குழிகளே விழுங்கின. அதற்குக் கீழே அவன் தோட்டத்து மூலை மேலாக நனைந்ததோடு சரி.

மெஹ்ரசியா மண்வெட்டியால் சுட்டினாள். "அது இவன் போட்டது. இருபது குழி, முழங்கை ஆழம்தான். இருபது குழி இவ்வளவு குடிச்சா, அறுபது வீடும் ரோடும் சாக்கடையும் எவ்வளவு குடிக்கும்? எழுதிக்கோங்கம்மா."

"கூரைத் தண்ணியக் கீழ விடுவோம்," என்றான் முராத்.

"உங்க நீச்சல்குளத்துக்கு விடுவியா, எங்களுக்கு விடுவியா?"

ஹயாத் நனைந்த காகிதத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். அம்மார் தன் முட்டாள்தனம் ஊர் பார்க்க விரிந்து கிடப்பதைப் பார்த்தபடி நின்றான். வெட்கத்தோடு கூடவே ஒரு சிரிப்பும் வந்தது. இவள் அன்றைக்கே இதைப் பார்த்திருக்கிறாள்.

அனுமதி நிறுத்தி வைக்கப்பட்டது. ரத்தாகவில்லை, நிறுத்தம்தான். பலகை அங்கேயே நின்றது, சிரித்த குடும்பத்தின் நிறம் மட்டும் வெளுத்தது. அம்மார் கன்றுகளைப் பிடுங்கினான். குழிகளை மெஹ்ரசியாதான் மிதித்து மூடினாள். அவன் மிதிப்பதில் அவளுக்கு நம்பிக்கை இல்லை.

அடுத்த கோடையில் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. சரிவில் பாதி வேலை மிச்சமிருக்கும்போதே அண்ணன் மகன் காரோடு வந்தான், சூஸா மருத்துவமனைக்குக் கூட்டிப் போக. அம்மார் ஒரு துணியில் சூடான ரொட்டியைக் கட்டிக்கொண்டு ஜன்னலோரம் வந்தான். கம்பெனிக்காரர்கள் மறுபடியும் மனுப் போட்டிருப்பதை அவளிடம் சொல்லக் கூடாது என்றுதான் நினைத்திருந்தான். அவளுக்கு அது முன்பே தெரிந்திருந்தது.

"மிச்சத்தை நீ முடி. புல்லு நிக்கக் கூடாது," என்றாள்.

"சரிக்கா. நீங்க நல்லபடியா வாங்க."

கார் நகர்ந்தது. அவள் கையை வெளியே நீட்டி அதை நிறுத்தச் சொன்னாள்.

"அம்மார், அந்தச் சரிவுல எவனாவது ஒத்தக் கல்லு கொண்டாந்து வச்சாலும் எடுத்து எறி. கேட்டா, கழுதை தட்டிவிட்டிருக்கும்னு சொல்லு."