சாயக்காரர் நட்ட சாமந்தி

காஞ்சிபுரத்தில் எங்கள் தெருக்கோடியில் பட்டுநூலுக்குச் சாயம் போடுகிறவர் ஒருவர் இருந்தார். ஒடிசலான உருவம், காது வரை சிரிப்பு. எதிரே யார் வந்தாலும் உள்ளங்கையை விரித்து, "இன்னிக்கு அரக்குப்பா!" என்று காட்டுவார். மறுநாள் அதே கை மாம்பழ மஞ்சளாக இருக்கும்.

பட்டறைக் கொல்லையில் அவர் நட்ட சாமந்தியெல்லாம் கருகிப்போனது. "என்னாய்யா, கைராசி போயிடுச்சா?" என்று பக்கத்துப் பட்டறைக்காரர் சிரித்தார். அது நெசவாளர்கள் காதில் விழுந்தால், அப்புறம் இவரிடம் யார் நூல் கொடுப்பார்கள்? மனிதர் ஆடிப்போனார்.

நான் கல்லூரியில் ரசாயனம் படித்துக்கொண்டிருந்த நேரம். விடுவேனா?

"கைக்கு ஒண்ணுமில்லண்ணே. சாயம் நிக்கறதுக்கு மயில்துத்தம் போட்ட தண்ணியை இங்கதான ஊத்திக்கினு இருக்கீங்க? அதுல இருக்கற செம்பு மண்ணுல ஏறிப்போச்சு. சுண்ணாம்பும் மக்கின சாணியும் கலந்தா அது அடங்கிடும், செடி பொழைச்சுக்கும்."

"போப்பா! மண்ணு இன்னா பாவம் பண்ணுச்சு, அது மேல பழி போடுற?"

கார்த்திகையில் போனேன். கொல்லையில் ஒரு பாத்தி முழுக்கச் சாமந்தி! நெசவாளர்களை நிற்கவைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அடுத்த பாத்தி பாதி கொத்தியபடி கிடந்தது.

"பாத்தியா தம்பி, கைராசி! அந்த மண்ணைப் போயி திட்டினியே!"

"எங்க, கையைக் காட்டுங்க" என்றேன்.

ஊருக்கே கை காட்டுகிற மனிதர் சட்டென்று இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அதற்குள் பார்த்துவிட்டேன்: முழங்கை வரை சுண்ணாம்பு வெள்ளை.

நெசவாளர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"ராசியான கைதாங்க" என்றேன்.