ரெமி மாமி மேடையேற்றிய கொடி

கடந்த செவ்வாய்க்கிழமை, பிளாக்டவுன் கடையொன்றில் முருங்கையிலைக் கட்டொன்றைத் தெரிவு செய்துகொண்டு நின்றபோது என் மனைவி லீசா அழைத்தாள். "அம்மா போய்விட்டார். நித்திரையிலேயே" என்றாள். அந்த இலை அவர் கேட்டதுதான். பிலிப்பைன்ஸ்காரருக்கு முருங்கையிலை போடாத கோழி சூப், சூப்பே அல்ல. வெறுங்கையோடு வெளியேற மனம் வரவில்லை. வாங்கிக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

என் மாமியார் ரெமடியோஸ், எல்லோருக்கும் ரெமி, மருத்துவிச்சியாக சிட்னிக்கு வந்தவர். மேற்குச் சிட்னியில் பிறந்த எத்தனையோ குழந்தைகளை முதலில் ஏந்தியவை அவருடைய கைகள். அவருடைய சிரிப்பைக் கேட்டால் பிரசவ அறைக்கு வழி கேட்கத் தேவையில்லை என்று உடன் வேலை செய்தவர்கள் சொல்வார்கள். எங்களோடு ஆங்கிலத்தில்தான் பேசுவார். அவர் வார்த்தைகளை என் தமிழில் தருகிறேன்.

என் அம்மாவையும் கூட்டிக்கொண்டு பெண் கேட்கப் போன அன்று, என் வேலையைப் பற்றியோ வீட்டைப் பற்றியோ அவர் விசாரிக்கவில்லை. "உங்கள் நாட்டை ஆண்ட வெள்ளைக்காரரை உங்கள் ஆட்கள் என்ன செய்தார்கள்?" என்று கேட்டார்.

"அவர்கள் வைத்த சோதனையெல்லாம் பாஸ் பண்ணினார்கள்" என்றேன்.

கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "இவரை விட்டுவிடாதே" என்று லீசாவிடம் சொன்னார். பிறகுதான் தன் தாத்தாவின் கதை வந்தது.

ஸ்பானியரோடு போராடித் தங்களுக்கென்று ஒரு குடியரசை அறிவித்த மக்கள் பிலிப்பைன்ஸ்காரர். துணைக்கு வந்தவர்கள் போல வந்த அமெரிக்கர் திரும்பிப் போகவில்லை. எதிர்த்தவர்களைப் போரில் அடக்கினார்கள். பின்னர் அந்த நாட்டுக் கொடியை ஏற்றுவதையே குற்றமாக்கினார்கள். நாடகக்காரர்கள் வேறு வழி கண்டார்கள். நீலம், சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று ஆளுக்கொரு நிறத்தில் உடுத்திக்கொண்டு, கதையின் நடுவே ஒரு கணம் சேர்ந்து நிற்பார்கள். மேடையில் கொடி தெரியும். பார்ப்பவர்கள் எழுந்து நிற்பார்கள். காவலர்கள் ஏறுவதற்குள் கலைந்துவிடுவார்கள். தாத்தாவுக்குக் கொடியிலுள்ள மஞ்சள் சூரியனின் வேடம், வசனமே கிடையாது. மற்றவர்கள் ஓடினார்கள், அவர் பிடிபட்டார். "வாய் திறக்காமலே சிறைக்குப் போன ஒரே நடிகர் எங்கள் தாத்தா" என்று மாமி பெருமைப்படுவார்.

சில வருடங்களுக்கு முன் இங்குள்ள பிலிப்பைன்ஸ் மக்களின் கலைவிழாவுக்கு அந்தக் கதையை நாடகமாக்க விரும்பினார். விழாக்குழுத் தலைவர் சம்மதிக்கவில்லை. "அமெரிக்கர் நமக்குப் பள்ளிக்கூடம் தந்தவர்கள், எழுத்தறிவித்தவர்கள். நம் பிள்ளைகளில் பாதிப்பேர் அங்கேதான் இருக்கிறார்கள். மேடையில் அரசியலும் வேண்டாம், கொடியும் வேண்டாம்" என்றார்.

"என் தங்கையும் அங்கேதான் இருக்கிறாள்" என்றார் மாமி. "அந்த மக்களோடு எனக்குச் சண்டையில்லை. எழுத்தறிவித்தது உண்மை. அந்த எழுத்தை வைத்துத்தானே அவர்கள் செய்ததையும் வாசிக்கிறேன்?"

தலைவர் அசையவில்லை. மறுநாள் காலையே மாமி அவரை அழைத்து, ஒரு கல்யாணக் கதை போடலாமா என்று கேட்டார். அனுமதி கிடைத்தது.

ஒத்திகை எங்கள் கராஜில் நடந்தது. முதல் நாள், கல்யாண வீட்டாராக நடித்த சிவப்புச் சட்டைக்காரர்கள் பின்னாலிருந்த வாங்குப் பலகையில் ஏறி நின்றுவிட்டார்கள். "ஐயோ, இறங்குங்கள்! எங்கள் கொடியில் சிவப்பு மேலே வந்தால் போர் என்று அர்த்தம்!" என்று மாமி கத்த, கராஜே சிரித்தது. விழாவுக்கு இரண்டு நாள் இருக்கையில் சூரியனாக நிற்கவேண்டியவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. மாமி என் அம்மாவைப் பார்த்தார். அம்மாவிடம் மஞ்சள் பட்டுச்சேலை இருந்தது.

"நான் என்ன கதைக்கவேணும்?" என்று அம்மா கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

"ஒன்றும் வேண்டாம். நடுவில் நின்றால் போதும்."

"ஆரும் பிடிச்சுக்கொண்டு போகமாட்டினமே?" யாழ்ப்பாணத்தில் பார்த்தவை அம்மாவுக்கு மறக்கவில்லை.

மாமி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "பிடித்தால் இரண்டு பேரும் சேர்ந்து போவோம் என்று சொல்."

"அப்ப சரி" என்றார் அம்மா.

விழாவன்று கல்யாணக் கதை போய்க்கொண்டிருந்தது. கடைசியில் குடும்பப் படம் எடுக்க எல்லோரையும் கூப்பிட்டார்கள். நீலம் வாங்கில் ஏறியது, சிவப்பு முன்னால் அமர்ந்தது, வெள்ளை ஒரு பக்கம் முக்கோணமாய் நெருங்கியது. அதன் நடுவே மஞ்சள் பட்டில் அம்மா வந்து நின்றார். பின்வரிசையில் யாரோ பிலிப்பைன்ஸ் தேசிய கீதத்தைப் பாடத் தொடங்க, எல்லோரும் எழுந்தார்கள். தலைவரும் எழுந்தார். முடிந்ததும் மாமியிடம் வந்து, "கல்யாணம் நல்லாயிருந்தது. மாப்பிள்ளையைத்தான் கடைசிவரை காணவில்லை" என்றார். இருவரும் கட்டிப்பிடித்துச் சிரித்தார்கள்.

நேற்றுத் தேவாலயத்தில் பூசை முடிந்ததும் ஒவ்வொருவராகப் பெட்டியைத் தொட்டு விடைபெற்றார்கள். முதலில் போனவர் அம்மா. நெற்றியில் திருநீறோடு குனிந்து, "போட்டு வாங்கோ, ரெமி" என்றார். போய்விட்டு வாருங்கள் என்று எங்கள் ஊரில் வழியனுப்பும் சொல். பின்னால் வந்த மாமியின் தங்கை அதைச் செபமென்று நினைத்தாரோ என்னவோ, அவரும் பெட்டியைத் தொட்டு "போட்டு வாங்கோ" என்றார். அவருக்குப் பின்னால் வந்தவரும் அப்படியே சொன்னார். தமிழே தெரியாத அந்த நீண்ட வரிசை முழுவதும், தத்தம் உச்சரிப்பில், அழுதபடி அதைச் சொல்லிக்கொண்டு போனது. லீசா என் தோளில் முகம் புதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

என் முறை வந்தபோது நானும் சொன்னேன்: போட்டு வாங்கோ, மாமி.