தண்ணீர் தேடி வந்த மழையம்மா

மொழிபெயர்ப்பாளனாக மேடை ஏறுகிறவனுக்குக் கைதட்டல் கிடையாது. பேச்சு நன்றாக இருந்தால் பேசியவரின் திறமை, சொதப்பினால் நம்முடைய தமிழ். ‘உங்களுக்குத்தான் இங்கிலீஷ் வருமே’ என்ற ஒரே குற்றத்துக்காக மைக் முன்னால் நிறுத்தப்பட்ட அத்தனை பேருக்கும் இது புரியும்.

நான் திருவண்ணாமலையில் பள்ளி ஆசிரியர். எழுபதுகளின் கடைசியிலும் அதற்கப்புறம் சில வருடங்களும், ஊருக்கு வெளியே இருந்த ஒரு விவசாயப் பயிற்சி மையத்துக்கு ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து விருந்தாளிகள் வருவார்கள். நம்முடைய மோட்டார் கிணறுகளைப் பார்த்து அவர்கள் முன்னேற வேண்டும் என்பது ஏற்பாடு. அவர்கள் வரும்போதெல்லாம் மையத்து ஜீப் பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்கும். தலைமையாசிரியர் என்னைப் பார்ப்பார், நான் சாக்பீஸைக் கீழே வைப்பேன். அப்படி எத்தனையோ பேருக்கு வாயாக இருந்திருக்கிறேன். மனதில் நின்றவர் கென்யாவிலிருந்து வந்த மும்புவா அம்மையார்தான்.

நீள இங்கிலீஷ், குட்டைத் தமிழ்

வரவேற்புக் கூட்டத்தில் மையத்தின் அதிகாரி முதலில் பேசினார். ஆப்பிரிக்காவுக்கு நாம் வழிகாட்ட வேண்டிய காலம் வந்துவிட்டது என்று ஆரம்பித்தவர், முடிப்பதற்குள் மாலையில் இருந்த ரோஜா எல்லாம் வாடிவிட்டது. பிறகு மும்புவா எழுந்தார். ஐம்பது வயது இருக்கும். நல்ல உயரம், தலையில் பூப்போட்ட துணிக்கட்டு, விவசாயியின் கைகள். தன்னுடைய ஊர் வறண்ட சீமை என்றும், அங்கே பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தில் ஒருவர் மாற்றி மாற்றி மண்வெட்டி பிடிப்பார்கள் என்றும், சரிவுகளையெல்லாம் அப்படித்தான் வரப்பு கட்டி நிறுத்தினார்கள் என்றும் சொன்னார். அதற்கு அவர்கள் மொழியில் ‘முவேத்யா’ என்று ஒரு வார்த்தை. அதை எப்படித் தமிழில் சொல்வதென்று தவித்தேன். கடைசியில் “கூடி வேலை செய்வாங்க” என்று முடித்துவிட்டேன்.

கூட்டத்தில் செங்கம் பக்கத்து விவசாயி ஏழுமலை உட்கார்ந்திருந்தார். மறுவாரம் அவருடைய கிணற்றைத்தான் விருந்தாளிக்குக் காட்டுவதாக இருந்தது. அவர் எழுந்து நின்று கேட்டார்: “வாத்தியாரே, அந்தம்மா அவ்ளோ நேரம் பேசிச்சு. மீதிய நீங்களே வச்சிக்கினீங்களா?”

டீக்கடை விசாரணை

மும்புவாவை ஆசிரமத்துப் பக்கம் ஒரு விடுதியில் தங்க வைத்திருந்தார்கள். அந்தச் சாலையில் வெளிநாட்டு முகம் என்றாலே தியானத்துக்கு வந்தவர் என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஒருநாள் காலை டீக்கடை பெஞ்சில், காவி உடுத்திய ஒரு வெள்ளைக்காரர் மிகவும் மெதுவான குரலில், இந்த மலையடிவாரத்தில் எதைத் தேடி வந்தீர்கள் என்று மும்புவாவிடம் கேட்டார். அவர் டீயை ஊதிக்கொண்டே “தண்ணீர்” என்றார். வெள்ளைக்காரர் அதில் ஏதோ தத்துவம் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டார்.

டீக்கடைக்காரர் என்ன சமாசாரம் என்று என்னைக் கேட்டார். சொன்னேன். மும்புவா என்றால் மழைக்காலத்தில் பிறந்தவள் என்று அவர்கள் ஊரில் அர்த்தம் என்பதையும் சொன்னேன். அன்றைக்கே ஊர் அவருக்கு மழையம்மா என்று பெயர் வைத்துவிட்டது. கடைக்காரர் அவரிடம் காசு வாங்க மறுத்துவிட்டுச் சொன்னார்: “எல்லாரும் சாந்தி வேணும்னு வராங்க சார். தண்ணி வேணும்னு வந்த முதல் ஆளு இவங்கதான்.”

தலையில் இருந்த பாரம்

மும்புவா எதற்காகத் தண்ணீர் தேடுகிறார் என்பது எனக்கு ஜீப்பில் போகும்போதுதான் தெரிந்தது. அவருடைய வட்டாரத்துக்கு ஒரு வெளிநாட்டு நிறுவனம் ஆழ்துளைக் கிணறும் டீசல் இன்ஜினும் இலவசமாகத் தருவதாகச் சொல்லியிருந்தது. நிபந்தனை என்னவென்றால், ஊர் மக்கள் செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டு, அந்த ஆட்களையெல்லாம் குழாய் பதிக்க அனுப்ப வேண்டும். ஊர் மக்கள் செய்துகொண்டிருந்தது, வறண்ட ஆற்றின் குறுக்கே கல்லால் குட்டைச் சுவர் கட்டுவது. வட்டாரக் குழுவில் பாதிப் பேருக்கு இன்ஜின் மேல் ஆசை, பாதிப் பேருக்குச் சுவர் மேல் நம்பிக்கை. குழுவுக்குத் தலைவி மும்புவா. இந்தியாவில் இன்ஜின் வைத்த ஊர்களை நேரில் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன், அதுவரை கையெழுத்து வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கிறார். அவர் போய்ச் சொல்வதுதான் முடிவு.

இவ்வளவு பெரிய விஷயத்தைக் காய்கறி விலை சொல்கிறமாதிரி சொன்னார். பயமாக இல்லையா என்று கேட்டேன். ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு அவர் சொன்னதை என் தமிழில் தருகிறேன்: “நான் தப்பாகச் சொன்னால், எங்கள் ஊர்ப் பிள்ளைகள் என் பெயரைச் சொல்லிக்கொண்டே தண்ணீருக்கு நடக்கும்.”

ஏழுமலை செய்த உபசாரம்

விருந்தாளி வரும்போது வாய்க்காலில் தண்ணீர் புரண்டு ஓட வேண்டும் என்று ஏழுமலைக்கு ஆசை. அப்படி ஓடினால்தானே வந்தவருக்கும் பெருமை, ஊருக்கும் பெருமை. கரண்ட் எப்போது வரும் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாத காலம். அதனால் விடியற்காலையில் கரண்ட் வந்ததுமே மோட்டாரைப் போட்டுவிட்டார். நாங்கள் சீக்கிரம் போயிருந்தால் எல்லாம் சரியாக நடந்திருக்கும். வழியில் அதிகாரி இரண்டு இடத்தில் ஜீப்பை நிறுத்தி, தான் திறந்துவைத்த கட்டடங்களைக் காட்டினார். உச்சிவெயிலில் போய்ச் சேர்ந்தோம், அதுவரை மோட்டார் நிற்காமல் ஓடியிருந்தது. மேளம் அடித்தார்கள், ஆரத்தி எடுத்தார்கள். எல்லோரும் குழாய் வாயையே பார்த்தோம். அது இரண்டு தடவை இருமியது, கொஞ்சம் சேற்றைத் துப்பியது, அப்புறம் வெறும் காற்று.

அதிகாரிக்கு முகம் செத்துவிட்டது. மும்புவா சிரிக்கவில்லை. கிணற்று ஓரம் குனிந்து வெகுநேரம் உள்ளே பார்த்தார். மேலே பழைய கல் கட்டு, கீழே புதிதாக வெட்டிய பாறை. எதற்காக இவ்வளவு ஆழம் என்று கேட்கச் சொன்னார். பக்கத்துக் கிணற்றில் மோட்டார் வைத்தார்கள், இங்கே தண்ணீர் இறங்கிவிட்டது, நான் ஆழப்படுத்தினேன், அங்கே இறங்கிவிட்டது, அவர்கள் ஆழப்படுத்தினார்கள் என்றார் ஏழுமலை. தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: “நல்லா இருக்குதுன்னு காட்டத்தான் ஓட்டுனோம் சார். இல்லன்றது தெரிஞ்சிடுச்சு.”

செய்யாற்று மணலில்

திரும்பும் வழியில் செய்யாற்றுப் பாலத்தருகே மும்புவா ஜீப்பை நிறுத்தச் சொன்னார். கீழே வெறும் மணல். பெண்கள் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் குடத்தில் மொண்டுகொண்டிருந்தார்கள். மும்புவா செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் இறங்கி ஓடினார், நிஜமாகவே ஓடினார். மண்டியிட்டு இரண்டு கையாலும் மணலைத் தள்ளி, தண்ணீர் கசிந்ததும் எடுத்துக் குடித்தார். அவர்கள் ஊரிலும் இதேதான். குட்டைச் சுவர் கட்டினால், வெள்ளம் வரும்போது சுவருக்குப் பின்னால் மணல் சேரும். அந்த மணலுக்குள் தண்ணீர் ஒளிந்திருக்கும், வெயில் அதைத் தொட முடியாது. இதை மணலிலேயே கூழாங்கல்லை அடுக்கிக் காட்டினார். இந்த முறை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவே இல்லை.

அங்கே தண்ணீர் மொள்ள வந்திருந்தவர்களில் ஏழுமலையின் மனைவி குப்பம்மாளும் ஒருவர். அந்தச் சுவரை எந்த டிபார்ட்மென்ட் கட்டியது என்று கேட்டார். நாங்கள்தான், கல் எங்கள் குன்றில் இருந்தது, கை எங்களிடம் இருந்தது என்றார் மும்புவா. தலைவியும் கல் சுமப்பாரா என்று கேட்டார் குப்பம்மாள். தலைவி முதல் கல்லை வைக்காவிட்டால் இரண்டாவது கல்லை யார் வைப்பார்கள் என்று பதில் வந்தது. குப்பம்மாள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு சொன்னார்: “அவங்க ஊர்ல தலைவரு கல்லு தூக்குறாங்க. நம்ம ஊர்ல தலைவரு வந்தா நாம சேர் தூக்குறோம்.”

கடைசிக் கூட்டம்

வழியனுப்பு விழாவில், நம் மோட்டார் கிணறுகளைக் கண்டு வியந்த அம்மையார் தன் நாட்டிலும் அவற்றைப் பரப்புவார் என்று அதிகாரி அறிவித்தார். மும்புவா எழுந்தார். தான் சொல்வதை ஒரு வார்த்தை குறையாமல் சொல்ல வேண்டும் என்று என்னிடம் கேட்டுக்கொண்டார். அதிகாரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இயந்திரம் கெட்டது என்று நான் சொல்லவில்லை, முதலில் சுவர், மண்ணுக்குள் தண்ணீர் சேரட்டும், அதன்பிறகு எங்களுக்கு என்ன இயந்திரம் வேண்டும் என்று நாங்களே சொல்கிறோம் என்றார் மும்புவா. சொன்னேன். கடைசியாக ஏழுமலையைத் தேடிப் பிடித்து, அவரைப் பார்த்தே பேசினார். அதையும் சொன்னேன்: “அன்றைக்கு உங்கள் குழாயில் தண்ணீர் வந்திருந்தால், ஊருக்குப் போய்க் கையெழுத்துப் போட்டிருப்பேன். எங்கள் வட்டாரத்தையே நீங்கள் காப்பாற்றினீர்கள்.”

மறுபடி ஒரு விருந்தாளி

சில வருடங்கள் கழித்து அதே வட்டாரத்திலிருந்து ஒரு இளைஞர் வந்தார். சுவர்கள் எழுந்துவிட்டனவா என்று பரபரப்பாகக் கேட்டேன். ஆறு நெடுகச் சுவர், கோடையிலும் ஊற்று என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மையார் இப்போது பெரிய பதவியில் இருப்பாரே, அலுவலகத்தில் பார்க்க முடியுமா என்றேன். அதற்கு அவர் சிரித்தார். அலுவலகத்தில் தேட வேண்டாம், கல் சுமக்கிறவர்கள் வரிசையில் தேடுங்கள் என்றார்.

அந்த இளைஞரை அதிகாரி, ஏழுமலையின் ஊருக்கு அழைத்துப்போய், ஓடையின் குறுக்கே இருந்த குட்டைச் சுவரைக் காட்டினார். முந்தைய கோடையில் குப்பம்மாள் கூட்டிய பெண்கள் முதலில் கட்ட ஆரம்பித்து, பிறகு வெட்கப்பட்டு ஆண்களும் சேர்ந்து முடித்தது அது. முழங்கை ஆழம் தோண்டினால் ஊற்று. மையத்தின் தொழில்நுட்பம் என்று அதிகாரி விளக்கினார். இளைஞர் அதைக் கேட்டுவிட்டு, யார் சொல்லிக் கொடுத்தது என்று குப்பம்மாளிடமே கேட்டார். குப்பம்மாள் சொன்னது: “உங்க ஊரு மழையம்மாதான். நாங்க காட்டுனது காலிக் கெணறு, அவங்க காட்டுனது தண்ணி.”

நாம் வழிகாட்ட வரவழைத்தவரிடம் நாமே வழி கற்றுக்கொண்ட அந்தக் கதையை அன்றும் ஒரு வார்த்தை குறையாமல் மொழிபெயர்த்துவிட்டேன், அதற்குப் பிறகு மையத்து ஜீப்புக்கு எங்கள் பள்ளிக்கூடம் எந்தத் தெருவில் இருக்கிறது என்பதே மறந்துபோய்விட்டது.