கட்டிக்கு உரம்

அப்பாவின் மூளையில் கட்டி இருக்கிறது என்று பதுளை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் வரை போனவன் நான் ஒருவன்தான், அதுவும் உயிரியல் படிக்க.

"அது ஏன்டா வளருது?" என்று அம்மா என்னைக் கேட்டார்.

செல்லை வளரச் சொல்லும் மரபணு ஒன்று கெட்டுப்போய், நிறுத்தாமல் வளரச் சொல்லிக்கொண்டே இருக்கிறது என்றேன். அவருக்கு விளங்கவில்லை. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர் என்பதால் வேறு மாதிரிச் சொன்னேன்.

"கிளையெல்லாம் கவ்வாத்து வெட்டின தேயிலைக்கு உரம் போட்டா எப்படித் தளிர் தள்ளுது? கட்டிக்கும் வளர்ச்சிக் காரணின்னு ஒரு உரம் கிடைக்குதும்மா."

அம்மா தலையாட்டினார். நன்றாக விளக்கிவிட்டதாக எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

மூன்று வாரம் கழித்து பல்கலைக்கழகத்திலிருந்து எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தபோது அப்பாவின் தோள் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. கையில் அரை ரொட்டியும் வெறும் தேத்தண்ணியும். உடம்பு இப்படி இளைத்தால் ஒப்பரேஷன் செய்ய முடியாது என்று அன்று காலைதான் கிளினிக்கில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"பால், முட்டை எல்லாத்தையும் நிறுத்திட்டேன். உரம் போடாட்டி அது வாடிடும்ல?" என்றார் அம்மா.

"உங்கம்மா என்னையும் சேர்த்துக் கவ்வாத்து பண்றாடா," என்று அப்பா சிரித்தார்.

"அந்த உரம் சாப்பாட்டுல வாரதில்லம்மா. தனக்கு வேண்டியத அந்தக் கட்டியே சுரந்துக்குது," என்றேன்.

அம்மா அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். "அப்ப இத்தனை நாளும் மனுசனை நானா பட்டினி போட்டேன்?"

இல்லை, நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. பக்கத்து வீட்டில் இரண்டு முட்டை வாங்கி வந்து அவிய வைத்தேன். ஒப்பரேஷனுக்கு ஆறு நாள்தான் இருந்தது.